பல் டாக்டர் என்றாலே அலறும் குழந்தைகள்... பயத்தைப் போக்குமா விஆர் கண்ணாடி? ஏஐ என்ன செய்யும்?

வடசென்னை டோல்கேட். மேலே மெட்ரோ ரயில், பக்கத்தில் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை. இந்தப் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் பல் கிளினிக் வாசலில் ஒரே காட்சிதான். கன்னம் வீங்கிய குழந்தை கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுக்கும். "ஒண்ணும் பண்ண மாட்டாங்கடா, சும்மா வாயைத் திறந்து காட்டு" என்று அம்மா கெஞ்சுவார். உள்ளே மெஷின் 'கிர்ர்' என்று சத்தம் போட்டதும் குழந்தை அலறும். கடைசியில் "இன்னொரு நாள் கூட்டிட்டு வாங்க" என்று டாக்டர் அனுப்பிவைப்பார்.

அந்த 'இன்னொரு நாள்' வருவதற்குள் சொத்தை பெரிதாகிவிடும். தினக்கூலிக்குப் போகும் வீட்டில் இன்னொரு நாள் சம்பளமும் போகும்.

இந்தப் பயத்தைக் குறைக்கத்தான் விஆர் எனப்படும் மெய்நிகர் உலகக் கண்ணாடியும், ஏஐ எனப்படும் செயற்கை நுண்ணறிவும் பல் டாக்டரின் நாற்காலி வரை வந்திருக்கின்றன. இது நிஜமாகவே வேலை செய்கிறதா? எந்தக் குழந்தைக்கு ஒத்துவரும், எந்தக் குழந்தைக்கு ஒத்துவராது? விரிவாகப் பார்ப்போம்.

பயம் ஏன் இவ்வளவு பெரிய பிரச்னை?

இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-ல் நடத்திய தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், 5 வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. 12 வயதில் இது 53.8 சதவீதம். அதாவது, இரண்டில் ஒரு குழந்தைக்குச் சொத்தை. உலகம் முழுக்க 51 கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்குப் பால் பல்லில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

"பால் பல்லுதானே, தானா விழுந்துடும்" என்பது பல வீடுகளில் கேட்கும் வசனம். முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடும் என்பது சரிதான். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் சுமார் 9 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. சோற்றை மெல்ல உதவுவதோடு, அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அவைதான். அவை முன்னாடியே போய்விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, புதுப் பல் கோணலாக முளைக்க வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் பயம் உள்ளே வருகிறது. பயந்த குழந்தை டாக்டரிடம் போகாது. போகாததால் சின்னச் சொத்தை நரம்பு வரை இறங்கும். அப்போது ஊசி, மெஷின், சில நேரம் பல்லைப் பிடுங்குவது வரை போக வேண்டியிருக்கும். முதல் தடவையே இவ்வளவையும் பார்த்த குழந்தை அடுத்த முறை இரண்டு மடங்கு பயப்படும். பயம் சொத்தையை வளர்க்கிறது, சொத்தை பயத்தை வளர்க்கிறது. இந்தச் சுற்றை எங்காவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டும்.

விஆர் கண்ணாடி போட்டால் என்ன நடக்கும்?

பார்க்க ஸ்கூபா டைவிங் கண்ணாடி மாதிரி இருக்கும் கருவி இது. உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் தெரியும். இரண்டையும் மூளை சேர்த்துப் பார்ப்பதால், கடலுக்கு அடியிலோ காட்டுக்குள்ளோ நிற்பது போலவே இருக்கும். காதில் ஹெட்போன். செல்போனைச் சொருகிப் பயன்படுத்தும் சாதாரணப் பெட்டி வகை சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. போன் தேவைப்படாத தனி ஹெட்செட்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

பல் நாற்காலியில் குழந்தையைப் பயமுறுத்துபவை எவை? முகத்துக்கு நேராக அடிக்கும் விளக்கு, தட்டில் இருக்கும் ஊசி, மெஷின் சத்தம். கண்ணாடி மாட்டியதும் விளக்கும் ஊசியும் கண்ணில் படாது. சத்தமும் பாதி அமுங்கிவிடும். குழந்தை மீன்களையோ கார்ட்டூனையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் தன் வேலையைப் பார்ப்பார்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. விஆர் கண்ணாடி மயக்க மருந்து இல்லை. பல்லை மரத்துப்போக வைக்கும் ஊசி தேவைப்பட்டால் அதைப் போட்டே ஆக வேண்டும். "கண்ணாடி போட்டா ஊசியே வேணாம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

வலிக்கும் ஒரு டோல்கேட் இருக்கிறது!

படம் பார்த்தால் வலி எப்படிக் குறையும்? கனடாவைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக், பிரிட்டனைச் சேர்ந்த பேட்ரிக் வால் ஆகிய இரண்டு விஞ்ஞானிகள் 1965-ல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். வலிச் செய்தி நரம்பு வழியாக நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை. தண்டுவடத்தில் ஒரு 'கேட்' இருக்கிறது, அது திறந்தும் மூடியும் செய்தியைக் கட்டுப்படுத்துகிறது என்றார்கள்.

சுங்கச்சாவடியைப் போல நினைத்துக்கொள்ளலாம். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கடக்க முடியாது. எந்த வண்டி எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பதில் மேலே இருக்கும் மூளைக்கும் பங்கு உண்டு. பயமும் பதற்றமும் கேட்டை அகலத் திறந்துவிடும். கவனம் வேறு பக்கம் இருந்தால் கேட் கொஞ்சம் மூடும். விளையாட்டில் முட்டி கிழிந்த பையனுக்கு வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வலிக்க ஆரம்பிக்கிறது. அது இதனால்தான்.

சாதாரண டிவியை விட விஆர் அதிகக் கவனத்தை இழுக்கும் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் கணக்கு. டிவியில் இருந்து பார்வையைத் திருப்பினால் ஊசி தெரியும். விஆர் போட்டுக்கொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான் தெரியும்.

எங்கே ஆரம்பித்தது?

முதலில் இது தீக்காயம் பட்டவர்களுக்காக வந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மேன் குழுவினர், தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும் நேரத்தில் நோயாளிகளுக்கு விஆர் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு 'ஸ்னோவேர்ல்ட்' என்ற பனி உலக விளையாட்டையே உருவாக்கினார்கள். விஆர் பார்க்கும்போது மூளையில் வலி தொடர்பான பகுதிகளின் செயல்பாடு குறைந்ததாக, ஸ்கேன் வைத்து அவர்கள் செய்த ஆய்வு 2004-ல் வெளியானது.

பல் சிகிச்சைப் பக்கம் வந்தால், ஈரானின் தப்ரீஸ் நகரில் 4 முதல் 6 வயதுள்ள 120 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. விஆர் கண்ணாடி போட்ட நேரத்தில் வலியும் பதற்றமும் குறைவாக இருந்தன.

நமக்குப் பக்கத்திலும் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. மங்களூருவின் ஏ.பி.ஷெட்டி நினைவு பல் மருத்துவ நிறுவனத்தில், பல் நரம்புச் சிகிச்சைக்கு வந்த 5 முதல் 8 வயதுக் குழந்தைகள் 120 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான முறையில் பேசிச் சமாதானப்படுத்தினார்கள். இன்னொரு பிரிவுக்கு விஆர். 2019-ல் வெளியான இந்த ஆய்வில், குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்ததோடு நிற்காமல், பதற்றத்தின்போது சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று எச்சிலையும் சோதித்தார்கள். "எனக்குப் பயமே இல்ல" என்று குழந்தை வீம்புக்குச் சொல்லலாம், உடம்பு வேறு சொல்லும் அல்லவா? விஆர் பிரிவில் வலி, பதற்றம், கார்டிசால் மூன்றுமே அதிகமாகக் குறைந்திருந்தன.

அப்படியானால் இது நூறு சதவீத வெற்றியா?

இல்லை. சாதாரணத் திரையில் கார்ட்டூன் பார்த்த குழந்தைகளையும் விஆர் போட்ட குழந்தைகளையும் ஒப்பிட்டு, பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிவு சொன்ன ஆய்வுகளும் உண்டு.

மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, பல் ஊசிக்குக் குழந்தைகளைச் சம்மதிக்க வைக்கும் முறைகள் பற்றிய 26 ஆய்வுகளை 2020-ல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் 2,435 பேர். 'இந்த முறைதான் சிறந்தது' என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை என்பதே அதன் முடிவு.

ஆக, விஆர் பல குழந்தைகளுக்கு உதவுகிறது, ஆனால் மந்திரக்கோல் இல்லை. கண்ணாடி வைத்திருக்கும் கிளினிக்கை விட, குழந்தையிடம் பொறுமையாகப் பேசும் டாக்டர் முக்கியம். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் நல்லதுதான்.

யாருக்கு ஒத்துவராது?

வலிப்பு நோய் உள்ள குழந்தைகள்: மின்னும் காட்சிகள் வலிப்பைத் தூண்டலாம். டாக்டரிடம் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பஸ்ஸில் போனாலே வாந்தி எடுக்கும் குழந்தைகள்: விஆர் படம் அசையும், உடம்பு அசையாது. இதனால் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம்.

டாக்டர் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க விரும்பும் குழந்தைகள்: சில குழந்தைகளுக்குக் கண்ணை மூடினால்தான் பயமே அதிகமாகும். அவர்களுக்குக் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, நடப்பதைப் பார்க்க விடுவதே மேல்.

மிகச் சின்னக் குழந்தைகள்: கண்ணாடி முகத்தில் பொருந்தாது. மேல்பல்லில் வேலை செய்யும்போது இடிக்கும். சந்தையில் இருக்கும் ஹெட்செட்டுகள் பெரும்பாலும் 10 அல்லது 12, 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே விற்கப்படுகின்றன. ஆய்வுகளில் இதைவிடச் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுத்தது, டாக்டர் பக்கத்தில் இருக்க, கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தான். வீட்டில் மணிக்கணக்கில் போட்டுக்கொள்ள இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு விஷயம், என்ன படம் ஓடுகிறது என்பது. வாய்க்குள் மெஷின் சுற்றும்போது தலை அசையவே கூடாது. அதனால் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சுடும் கேம் சரிப்படாது. நேராகப் பார்க்கும் கார்ட்டூனோ இயற்கைக் காட்சியோதான் சரி. டாக்டர் பேசுவது காதில் விழும் அளவுக்குச் சத்தம் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்குப் பிறகும் கண்ணாடியைத் துடைத்துக் கிருமிநீக்கம் செய்வது கட்டாயம்.

ஏஐ எங்கே வருகிறது?

மூன்று இடங்களில் வருகிறது.

முதலாவது, பயத்தை அளப்பது. குழந்தையின் பயத்தை அளக்க டாக்டர்கள் பொதுவாகப் படங்களைக் காட்டுவார்கள். சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரிசையாக இருக்கும், "இப்போ நீ எப்படி இருக்க?" என்று கேட்டால் குழந்தை ஒன்றைத் தொட்டுக் காட்டும். நம் ஊர்க் குழந்தைகளுக்காகச் சோட்டா பீம், சுட்கி முகங்களை வைத்து உருவாக்கப்பட்ட அளவுகோல் ஒன்று 2016-ல் இந்தியாவில் வெளியானது. இதையே கேமரா வழியாக முகபாவம், குரல் நடுக்கம், நாடித் துடிப்பு ஆகியவற்றை வைத்து ஏஐ கணிக்க முடியுமா என்பதுதான் இப்போதைய முயற்சி. குழந்தை அழ ஆரம்பிக்கும் முன்பே பதற்றம் ஏறுவது தெரிந்தால், டாக்டர் கையை நிறுத்திவிட்டுப் பேசலாம். இது பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.

இரண்டாவது, குழந்தைக்கு ஏற்ப மாறும் காட்சிகள். துடிப்பு கூடினால் படத்தின் வேகம் குறைவது, பிடித்த பாத்திரம் வந்து "மூச்சை மெதுவா இழு" என்று சொல்வது போன்றவை. இதுவும் பரிசோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, ஏற்கெனவே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. பல் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொத்தை இருக்கும் இடத்தைக் காட்டும் ஏஐ மென்பொருள்களுக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2022-ல் அனுமதி கொடுத்தது. இதற்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம்? சொத்தை சின்னதாக இருக்கும்போதே தெரிந்தால், பல நேரங்களில் ஊசி இல்லாமலே அடைத்துவிடலாம். முதல் அனுபவமே வலியில்லாமல் முடிந்தால் பயம் பிறக்க வழியில்லை. ஆனால் ஏஐ சொல்வது யோசனை மட்டுமே, முடிவு எடுக்க வேண்டியவர் டாக்டர்தான்.

குழந்தையின் வீடியோ யாரிடம் இருக்கும்?

முகத்தைப் படம் பிடித்துப் பயத்தை அளக்கும் கருவி என்றால், அந்தப் பதிவு எங்கே போகிறது என்று பெற்றோர் கேட்க வேண்டும். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. "எதுக்கு எடுக்குறீங்க, எவ்வளவு நாள் வெச்சிருப்பீங்க, வேற யாருக்காவது கொடுப்பீங்களா?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

டோல்கேட் பக்கம் இருப்பவர்கள் எங்கே போகலாம்?

டோல்கேட்டில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் உயர் நீதிமன்றம், சென்ட்ரல் நிலையங்களுக்குப் போய்விடலாம். அந்தப் பக்கத்தில், கோட்டை ரயில் நிலையம் அருகே இருக்கிறது தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1953-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கிய இடம் இது. குழந்தைகள் பல் மருத்துவம் என்பது தனிப் படிப்பு. அங்கே போனால் 'குழந்தைகள் பல் பிரிவு எங்கே' என்று கேட்டுப் போவது நல்லது.

அரசுப் பள்ளி, அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கே வந்து பரிசோதிக்கும். அதில் பல்லும் அடக்கம். சொத்தை இருப்பதாக எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டைப் புத்தகப் பைக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள்.

விஆர் கண்ணாடி எல்லா இடத்திலும் இருக்காது. தனியார் கிளினிக் என்றால் போவதற்கு முன்பே போன் செய்து, "குழந்தைங்களுக்கு ஹெட்செட் இருக்கா, அதுக்குத் தனியா காசு உண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

கண்ணாடி இல்லையென்றால்?

ஹெட்செட் இல்லாமலே பயத்தைக் குறைக்கப் பல வழிகள் இருக்கின்றன.

சொல், காட்டு, செய்: உலகம் முழுக்கக் குழந்தைகள் பல் டாக்டர்கள் 1950-களில் இருந்து பயன்படுத்தும் முறை. "இது தண்ணி பீய்ச்சுற பைப்பு" என்று சொல்லி, குழந்தையின் விரல் நகத்தில் பீய்ச்சிக் காட்டி, அப்புறம்தான் வாய்க்குள் கொண்டுபோவார்கள்.

கை தூக்கினால் நிறுத்தம்: வலித்தால் இடது கையைத் தூக்கு, நிறுத்திவிடுகிறேன் என்று டாக்டர் சொல்லி, சொன்னபடியே நிறுத்தினால் குழந்தைக்கு நம்பிக்கை வரும்.

ஊசிக்கு முன் ஜெல்: ஈறில் முதலில் மரத்துப்போகும் ஜெல் தடவினால் ஊசி குத்துவது குறைவாகவே தெரியும்.

மெஷின் இல்லாத சிகிச்சை: சில சொத்தைகளில் 'சில்வர் டயமின் ஃபுளூரைடு' என்ற திரவத்தைத் தடவியே மேலும் பரவாமல் நிறுத்தலாம். இதை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. சொத்தை இருந்த இடம் கறுப்பாகிவிடும் என்பது இதில் உள்ள குறை. நரம்பு வரை போய்ச் சீழ் பிடித்த பல்லுக்கு இது உதவாது.

வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியது:

"சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்" என்று மிரட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். வீட்டில் ஊசி என்பது தண்டனை என்று பழகிய குழந்தை, கிளினிக்கிலும் தண்டனையைத்தான் எதிர்பார்க்கும்.

"வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லவும் வேண்டாம். லேசாக வலித்தாலும் அடுத்த முறை உங்களை நம்பாது. "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், நான் பக்கத்துலயே இருப்பேன்" என்பது போதும்.

வலி வந்த பிறகு முதல் தடவை போகாதீர்கள். முதல் பல் முளைத்த பின், முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டுவது நல்லது என்கிறார்கள் நிபுணர்கள். அப்போது எண்ணிப் பார்த்துத் தடவிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஊசி எதுவும் இருக்காது.

இரவு படுக்கும் முன் கண்டிப்பாகப் பல் துலக்க வேண்டும். 3 வயது வரை அரிசி மணி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு ஃபுளூரைடு பேஸ்ட் போதும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்க விடாதீர்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கன்னத்தில் வீக்கம், காய்ச்சல், வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமம், கண் பக்கம் ஏறும் வீக்கம். இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாடிக் வீக்கத்தைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். காரணம் பல்லுக்குள் அப்படியே இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், விஆர் கண்ணாடி அந்த அரை மணி நேரத்தைச் சுலபமாக்கலாம். சொத்தையைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஏஐ உதவலாம். ஆனால் குழந்தை அந்த நாற்காலியில் எந்த மனநிலையில் உட்காரப் போகிறது என்பது, வீட்டில் பல் டாக்டரைப் பற்றி என்ன பேசுகிறோம் என்பதில் இருந்தே தொடங்குகிறது. அதற்குக் காசும் தேவையில்லை, ஹெட்செட்டும் தேவையில்லை.